பொய்த் தாக்கல் செல்லாது

நன்னிலத்தில் நாங்கள் குடிபோன அன்று சாயங்காலம், பாயை எந்த மூட்டையில் கட்டினோம் என்று நானும் வசந்தியும் தேடிக்கொண்டிருந்தபோது எதிர்வீட்டு அக்கா ஒரு தட்டோடு வந்து நின்றார். புதுக் குடித்தனத்துக்குக் கேசரி வரும், மிஞ்சிப்போனால் வடை வரும் என்று நினைத்திருந்த எனக்குத் தட்டில் இருந்தது என்னவென்று பிடிபடவில்லை. கோதுமை மாவில் தட்டிய தடியான ரொட்டி. அதன்மேல் சுட்ட கத்தரிக்காய், துணியில் கட்டி வடித்த தயிர். நடுவில் ஒரு முட்டை கண்ணைத் திறந்துகொண்டு என்னையே பார்த்தது. துருக்கி நாட்டில் காலையில் இதைத்தான் சாப்பிடுவார்களாம்.

"ஆறுறதுக்குள்ள சாப்புடுங்க தம்பி" என்றார். கொடுத்துவிட்டுப் போயிருக்கலாம். போகவில்லை. நான் ஒரு துண்டைப் பிய்த்து, மென்று, விழுங்கும் வரை என் வாயையே பார்த்துக்கொண்டு நின்றார்.

"நல்லா இருக்குங்க" என்றேன்.

"அது தாக்கல் இல்லீங்களே."

எனக்கு விளங்கவில்லை. நான் தாலுகா ஆபீஸில் சர்வேயர், சொந்த ஊர் தருமபுரிப் பக்கம். தாக்கல் என்றால் எனக்கு மனுத் தாக்கல்தான் தெரியும். தட்டைக் கையில் வைத்துக்கொண்டு எந்த மனுவை, யாரிடம் தாக்கல் செய்வது? மன்னார்குடிக்காரியான வசந்திக்குச் சிரிப்புத் தாங்கவில்லை. "இங்கல்லாம் சேதி சொல்றதைத்தான் தாக்கல் சொல்றதுன்னு சொல்லுவாங்க. எப்படி இருக்குதுன்னு விவரமா கேக்குறாங்க" என்றாள்.

"ஆமா. நல்லா இருக்குன்னு யாரு வேணாலும் சொல்லிட்டுப் போயிடலாம். மாவு வெந்துருக்கா, புளிப்பு தூக்கலா, ஓரம் எப்படி இருக்கு, அதைச் சொல்லுங்க."

"ஓரம் கொஞ்சம் வரட்டி மாதிரி இருக்கு" என்று பயந்துகொண்டே சொன்னேன்.

அவர் முகம் மலர்ந்துவிட்டது. "அப்படிச் சொல்லுங்க! எனக்கும் சந்தேகமாத்தான் இருந்துச்சு" என்று சொல்லிக்கொண்டே நடந்துவிட்டார். சாணி வரட்டி என்று சொல்லி ஒருவரிடம் நல்ல பெயர் வாங்கியது என் வாழ்க்கையில் அந்த ஒருமுறைதான்.

அக்கா ஜாக்கெட் தைப்பவர். வீட்டின் முன்னறையில் தையல் மெஷின். அதன் மேல் நூல்கண்டுகளுக்கு முட்டுக்கொடுத்து நிறுத்திய செல்போன். கால் அது பாட்டுக்கு மிதிக்கும், கண் ஊசியில் இருக்கும், காதும் பாதி மனசும் ஏதோ ஒரு நாட்டு அடுப்படியில் இருக்கும். கொரியாக்காரி முள்ளங்கியை ஊறவைப்பாள், இத்தாலியில் ஒரு கிழவர் மாவை உருட்டுவார், மெக்சிகோவில் யாரோ சோளத்தைச் சுண்ணாம்புத் தண்ணீரில் வேகவைப்பார்கள். அக்காவுக்குத் தமிழைத் தவிர வேறு எழுத்து தெரியாது. திரையின் அடியில் ஓடும் தமிழ் வரிகளைத்தான் நம்பியிருந்தார். அதை எழுதுவது மனிதர் இல்லை, மெஷின். ஒருநாள் நான் பட்டன் தைக்கச் சட்டை கொண்டுபோனபோது தையலை நிறுத்திவிட்டு விழுந்து விழுந்து சிரித்துக்கொண்டிருந்தார்.

"இங்க பாருங்க தம்பி. கேக்குக்கு முதல்ல வெள்ளையர்களைத் தனியாகப் பிரிக்கவும், பிறகு நுரை வரும்வரை நன்றாக அடிக்கவும்னு போட்டுருக்கான். அவங்கதான் எப்பயோ போயிட்டாங்களே, இப்ப எங்க போயித் தேடுறது?"

முட்டையின் வெள்ளைக் கருவைத்தான் மெஷின் அப்படிச் சொல்லியிருந்தது. அன்று முதல் எங்கள் தெருவில் முட்டை வெள்ளைக்கு வெள்ளையர் என்றே பெயர்.

அரை சென்டிமீட்டர் கனத்துக்குத் தேய்க்கவும் என்றால் கழுத்தில் தொங்கும் தையல் டேப்பை எடுத்து மாவை அளப்பார். குழம்பை வடிகட்ட ஜாக்கெட் லைனிங் துணி. கிடைக்காத சாமானுக்குப் பதில் கிடைத்ததைப் போடுவார், ஆனால் போட்டதை மறைக்க மாட்டார். அவருடைய கணவர் அறுவடை மெஷின் ஓட்டுகிறவர், சாது. "எதை வச்சாலும் திம்பேன் தம்பி, திங்கக்கெழம மட்டும் ரசஞ்சோறுன்னு ஒப்பந்தம்" என்று என்னிடம் ஒருமுறை ரகசியமாகச் சொன்னார். திங்கட்கிழமைகளில் அவர் நடையே வேறு மாதிரி இருக்கும்.

தெருவில் கேலி இல்லாமல் இல்லை. "இன்னிக்கு எந்த நாட்டு ஏரோப்ளேன் எறங்கிருக்கு?" என்று கேட்டுக்கொண்டுதான் துணி கொடுக்க வருவார்கள். நானும் கேலி செய்திருக்கிறேன். ஒளிப்பானேன்?

ஆனால் இதைவிட எனக்கு வேடிக்கையாகப் பட்டது வேறொன்று. செய்து முடித்து, சாப்பிட்டு, கையைக் கழுவியதும் அக்கா போனை எடுத்து, அந்த வீடியோவின் கீழே கருத்து எழுதும் இடத்தில் வாயாலேயே சொல்லிப் பதிவு செய்வார். எல்லாம் ஒரே மாதிரித்தான் தொடங்கும். "தாக்கல் சொல்றேன், நன்னிலத்துலேருந்து. நீங்க சொன்ன மாதிரியே செஞ்சேன். மேல நல்லா செவந்துச்சு, உள்ள வேகல. எங்க வீட்டுக்காரரு ரெண்டு சாப்புட்டாரு." துருக்கிக்காரருக்கும் கொரியாக்காரிக்கும் தமிழில்தான் தாக்கல் போகும்.

"அவங்களுக்குப் புரியுமா அக்கா?"

"அவங்க சொன்னதை நான் புரிஞ்சிக்கிட்டேன்ல? அமுக்குனா மொழி மாறும். அவங்களும் அமுக்கிப் பாத்துக்கட்டும்."

இதற்கு ஏன் இவ்வளவு மெனக்கெட வேண்டும் என்று கேட்டதற்கு, அவர் கையில் இருந்த ஜாக்கெட்டைத் தூக்கிக் காட்டினார். "இதைத் தச்சுக் குடுப்பேன். வாங்கிட்டுப் போவாங்க. இறுக்குச்சுன்னா மறுநாளே வந்து நிப்பாங்க. சரியா இருந்தா வரவே மாட்டாங்க. சரியாத்தான் இருந்துச்சா, இல்ல புடிக்காம பொட்டியில போட்டுட்டாங்களான்னு எனக்கு எப்படித் தெரியும்? இருவது வருஷமா தைக்கிறேன், ஒருத்தரு வந்து, கை நல்லா உக்காந்துருக்கு அக்கான்னு சொன்னதில்ல. நான் பட்டது இந்த வீடியோ போடுறவங்களுக்கு வேணாம்."

அப்போது நான் சிரித்துவிட்டுச் சட்டையை வாங்கிக்கொண்டு வந்துவிட்டேன்.

மறு வருஷம் வசந்திக்கு மார்பில் கட்டி என்று தெரிந்தது. தஞ்சாவூரில் ஆபரேஷன், பிறகு மூன்று வாரத்துக்கு ஒருமுறை ஊசி மருந்து. முடி கொட்டும் என்று சொல்லியிருந்தார்கள், அதற்கு மனசைத் தயார் செய்து வைத்திருந்தோம். சோறு இறங்காது என்று யாரும் சொல்லவில்லை. வாயெல்லாம் புண். அதைவிட வாசனைதான் எமனாக வந்தது. உலை கொதித்து அரிசி வெந்து ஆவி வந்தால் போதும், குடல் வெளியே வருவதுபோல் ஓங்கரிப்பாள். தெருமுனை ரைஸ்மில்லில் நெல் அவிக்கிற அன்று ஜன்னலையெல்லாம் சாத்திவிட்டுப் படுத்திருப்பாள். நெல்லையே பார்த்து வளர்ந்தவள் நெல் வாசனைக்குப் பயந்து ஒளிந்தாள்.

மன்னார்குடியிலிருந்து என் மாமியார் வந்தார். தங்கள் வயலில் விளைந்த அரிசியைக் கொண்டுவந்து, குழைய வடித்து, பால் விட்டுப் பிசைந்து, "ரெண்டே வாய் கண்ணு" என்று கெஞ்சினார். அது முடியாதபோது கஞ்சி. கஞ்சியும் முடியாதபோது கொல்லையில் உட்கார்ந்து அழுதார். "சோறு வேணாங்குற புள்ளைக்கு நான் எதைக் குடுப்பேன் மாப்ள?" என்று என்னைக் கேட்டார். நான் களி தின்று வளர்ந்தவன், எனக்கு மட்டும் என்ன தெரியும்? மூன்றாவது ஊசிக்குப் போனபோது டாக்டர் எடை பார்த்துவிட்டு உதட்டைப் பிதுக்கினார். இப்படியே இறங்கினால் அடுத்த ஊசியைத் தேதிக்குப் போட முடியாது, தள்ளித் தள்ளிப் போனால் மருந்தினால் கிடைக்க வேண்டிய பலன் கெட்டுப்போகும் என்றார்.

மறுநாள் காலையில் அக்கா வந்தார். மற்றவர்களைப் போலக் கையைப் பிடித்துக்கொண்டு கண்கலங்கவில்லை. கக்கத்தில் ஜாக்கெட் அளவு எழுதும் நோட்டு. வசந்தி கட்டிலுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து பக்கத்தைப் புரட்டினார்.

"எது ஆகல? வாசனையா, சூடா, மெல்லுறதா?"

"எல்லாந்தான் அக்கா."

"எல்லாந்தான்னா எப்படி? ஒண்ணொண்ணா சொல்லு."

வசந்தி பெயரை மேலே எழுதி, கழுத்து, கை, இடுப்பு என்று அச்சடித்திருந்த இடங்களுக்கு நேரே எழுதினார். வாசனை ஆகாது. சூடு ஆகாது. காரம், புளிப்பு ஆகாது. ஆறினது பரவாயில்லை. பிறகு என் போனை வாங்கி ஆஸ்பத்திரி நர்ஸிடம் பேசி, பச்சையாக எதுவும் கூடாது, நன்றாக வெந்திருக்க வேண்டும், அன்றன்றைக்குச் செய்தது மட்டுமே என்பதையும் கீழே எழுதிக்கொண்டார்.

அதற்குப் பிறகு தினமும் காலை பதினொரு மணிக்கு ஒரு கப் வரும். திருக்கடையூருக்கு ஒரு அறுபதாம் கல்யாணத்துக்குப் போனபோது அக்கா வாங்கிய, காது இல்லாத சின்னப் பீங்கான் கப். அதில் எந்தெந்த நாட்டுச் சாப்பாடோ வரும். மசித்து ஆறவைத்த பரங்கி, உருளைக்கிழங்குக் குளிர்ந்த சூப்பு, பாலில் இறுகவைத்த ஏதோ ஒன்று. வசந்தி ஒரு ஸ்பூன் வாயில் வைப்பாள். "நல்லா இருக்கு அக்கா" என்பாள். கப் அப்படியே திரும்பிப் போகும்.

ஒரு வாரம் பார்த்துவிட்டு அக்கா கோபித்துக்கொண்டார். "கப்பு ஒண்ணு சொல்லுது, நீ ஒண்ணு சொல்ற. பொய்த் தாக்கல் செல்லாது வசந்தி."

எனக்குச் சுருக்கென்றது. இருந்த பயத்தையும் எரிச்சலையும் சேர்த்து அவர்மேல் காட்டினேன். "அவளே முடியாம கெடக்குறா. அவகிட்டப் போயி குறை சொல்லு குறை சொல்லுன்னு உசுர வாங்குறீங்களே!"

அவர் குரலை உயர்த்தவில்லை. "தம்பி, இறுக்கிப் புடிக்கிற ஜாக்கெட்டை நல்லா இருக்குன்னு சொல்லிப் போட்டுக்கிட்டா மூச்சுல்ல முட்டும்? எங்க புடிக்குதுன்னு சொன்னாத்தான் நான் பிரிச்சு விட முடியும்."

உள்ளேயிருந்து வசந்தி குரல் வந்தது. "எதைப் போட்டாலும் தகரத்தை நக்குன மாதிரி இருக்கு அக்கா."

அதுதான் அவள் சொன்ன முதல் உண்மைத் தாக்கல். அக்கா அதை எழுதிக்கொண்டு போய், மத்தியானமெல்லாம் போனில் துழாவி, இப்படி வாய் கெட்டுப்போனவர்கள் எங்கோ எழுதி வைத்திருந்ததைக் கண்டுபிடித்தார். மறுநாள் கப்போடு எவர்சில்வர் ஸ்பூன் வரவில்லை. பெட்டிக்கடையில் ஐஸ்கிரீமுக்குக் கொடுக்கிற மர ஸ்பூன் வந்தது.

அந்த வாரத்தில்தான் ஜப்பான்காரம்மா ஒருவர் முட்டையை ஆவியில் வேகவைக்கும் வீடியோவை அக்கா எனக்குக் காட்டினார். வெந்த முட்டை கப்பில் நடுங்கியது. "பாருங்க, மெல்ல வேண்டிய வேலையே இல்ல. ஒரு முட்டைக்கு மூன்று பங்கு பங்குன்னு போட்டுருக்கு. மெஷினு ரெண்டு தடவ உளறுது. மூணு பங்கு தண்ணிதானே?"

பங்கு என்றால் எனக்கு அண்ணன் தம்பி பாகப்பிரிவினைதான். "அப்படித்தான் இருக்கும்" என்று தலையாட்டினேன்.

வெதுவெதுப்பான வெறும் தண்ணீரில் முட்டையை அடித்து, லைனிங் துணியில் வடிகட்டி, இட்லிச் சட்டியில் வைத்தார். முதல் தடவை மூடியை இறுக மூடியதில் முட்டை பொங்கி ஓட்டை ஓட்டையாகிப் போனது. அந்த ஜப்பான்காரம்மா மூடிக்கு இடையில் ஒரு குச்சியைச் செருகியிருந்ததைப் பிறகு கவனித்து, தானும் ஒரு பென்சிலைச் செருகினார். வாய்ப்புண் எரியக் கூடாதென்று உப்பு ஒரு சிட்டிகைக்கும் குறைவு. அடுப்பைத் தணித்து முழுசாக வேகவிட்டு, ஆறவைத்து, எடுத்துக்கொண்டு வந்தார்.

வசந்தி முகர்ந்து பார்த்தாள். முகம் சுளிக்கவில்லை. ஒரு ஸ்பூன். மறுபடி ஒரு ஸ்பூன். நாலாவது ஸ்பூனுக்குப் பிறகு கண்ணை மூடிச் சாய்ந்துகொண்டாள். நானும் மாமியாரும் அவள் தொண்டையையே பார்த்துக்கொண்டிருந்தோம். அது உள்ளேயே இருந்தது.

மறுநாள் அரைக் கப். நாலு நாளில் முழுக் கப். பிறகு காலையில் ஒன்று, சாயங்காலம் ஒன்று. இதற்காகவே அக்கா தையலைப் பாதியில் விட்டுவிட்டு வருவார். நாலாவது ஊசி குறித்த தேதியில் போட்டார்கள். டாக்டர் எடையைப் பார்த்துவிட்டு என்ன கொடுக்கிறீர்கள் என்று கேட்டார். ஜப்பான் முட்டை என்றேன். அவர் என்னை ஒரு மாதிரியாகப் பார்த்தார்.

ஐந்தாவது ஊசிக்கும் ஆறாவது ஊசிக்கும் நடுவில் ஒருநாள். அக்கா வழக்கம்போல வாசற்படியில் நின்று, "ம், சொல்லு" என்றார். வசந்தி ஸ்பூனை வாயில் வைத்துக்கொண்டு கொஞ்சம் யோசித்தாள்.

"உப்பு பத்தல."

அக்கா கழுத்து டேப்பைப் பிடித்தபடி அப்படியே படியில் உட்கார்ந்துவிட்டார். "இன்னொரு தடவ சொல்லு."

"உப்பு பத்தல அக்கா. கொஞ்சம்கூட உப்பே இல்ல."

தகரம் போய்விட்டது என்று எனக்கு உறைக்கக் கொஞ்ச நேரம் ஆனது. அத்தனை நாள் கண்கலங்காத அந்த மனுஷி முந்தானையால் முகத்தைப் பொத்திக்கொண்டு அழுதார். என் மாமியார் அவர் கையைப் பிடித்துக்கொண்டார். வசந்திதான் ஒன்றும் புரியாமல், "நான் சும்மா சொன்னேன், நல்லாத்தான் இருக்கு" என்று சமாதானம் செய்யப் பார்த்தாள்.

ஊசி எல்லாம் முடிந்த ஆறாம் மாதம் எனக்கு விழுப்புரத்துக்கு மாற்றல் வந்தது. சாமானை ஏற்றும்போது அக்கா ஒன்றே ஒன்றுதான் கேட்டார். "போயி தாக்கல் சொல்லுங்க." கொஞ்ச நாள் சொன்னோம். பிறகு கும்பகோணம் பஸ்ஸில் என் போன் தொலைந்தது, நம்பர்களும் அதோடு போயின. ஒரு கல்யாணத்துக்கு நன்னிலம் போனபோது எதிர்வீட்டில் வேறு யாரோ இருந்தார்கள். அக்கா குடும்பம் திருப்பூருக்குப் போய்விட்டதாம், நம்பர் யாரிடமும் இல்லை. இன்னும் இரண்டு இடத்தில் விசாரித்திருந்தால் கிடைத்திருக்கலாம். நான் விசாரிக்கவில்லை. சரியாக இருக்கும் ஜாக்கெட்டை வாங்கிக்கொண்டு போனவர்களோடு நானும் சேர்ந்துவிட்டேன். என் வீட்டில் விளக்கு எரிவதற்கு அவரும் ஒரு காரணம், அவருக்கு நான் வாய்விட்டு ஒரு நன்றி சொன்னதில்லை.

போன மாதம் வசந்திக்கு ஐந்தாம் வருஷப் பரிசோதனை. எல்லாம் சுத்தம், இனி வருஷத்துக்கு ஒருமுறை வந்தால் போதும் என்றார் டாக்டர். வெளியே வந்ததும், "எனக்கு அந்த முட்டை சாப்பிடணும்போல இருக்கு" என்றாள் வசந்தி.

வீட்டுக்கு வந்து அந்த வீடியோவைத் தேடிப் பிடித்தேன். ஜப்பான்காரம்மா அதே கப்பில் அதே முட்டையை ஊற்றினார். கீழே ஏகப்பட்ட கருத்துகள், எல்லாம் வேற்று எழுத்து. தள்ளிக்கொண்டே போனேன். நடுவில் தமிழ்.

"தாக்கல் சொல்றேன், நன்னிலத்துலேருந்து. எங்க தெருவுல ஒரு பொண்ணு ரெண்டு மாசமா எதுவும் சாப்புடல. உங்க முட்டைதான் எறங்குச்சு. இன்னிக்கி உப்பு பத்தலன்னு சொல்லிடுச்சு."

அதற்கு ஜப்பான்காரம்மா பதில் எழுதியிருந்தார். அமுக்கினேன், மாறியது. "செய்ததற்கு நன்றி. உப்பு குறைந்ததற்கு மிகவும் வருந்துகிறேன். பங்கைச் சேர்க்க மறந்துவிட்டீர்களா? சுவை முழுவதும் பங்கில்தான் இருக்கிறது."

வீடியோவை மறுபடி முதலிலிருந்து பார்த்தேன். அந்த அம்மா முட்டையில் ஊற்றியது வெறும் தண்ணீர் இல்லை. உலர்ந்த மீனையும் ஏதோ கடல் பாசியையும் கொதிக்கவைத்து வடித்த சாறு. அதற்கு ஆங்கிலத்தில் ஸ்டாக் என்பார்கள். கம்பெனிகளின் பங்குக்கும் அதே ஸ்டாக்தான். மெஷின் உளறவில்லை, வேறு ஸ்டாக்கைப் பிடித்துவிட்டது. மூன்று பங்கு சாறு ஊற்றியிருந்தால் அந்தக் கருவாட்டு வாசனைக்கு வசந்தி அறையைவிட்டே ஓடியிருப்பாள். எனக்குச் சிரிப்பும் வந்தது, பயமும் வந்தது.

ஜப்பான்காரம்மாவுக்கு அக்காவும் ஒரு பதில் சொல்லியிருந்தார். "நீங்க வருத்தப்படாதீங்க. உப்பு பத்தலங்குறது எங்களுக்கு நல்ல தாக்கல்."

நான் போய் முட்டையை அடித்தேன். வெறும் தண்ணீர், மூணு பங்கு. மூடிக்கு இடையில் பென்சில். சாமானோடு சாமானாக எங்களிடம் வந்துவிட்ட அந்தப் பீங்கான் கப்பில் ஊற்றி வேகவைத்து ஆறவைத்துக் கொடுத்தேன். வசந்தி ஒரு ஸ்பூன் சாப்பிட்டாள். பிறகு என் போனை வாங்கி, அக்காவின் கருத்துக்குக் கீழே, அக்காவைப் போலவே வாயால் சொன்னாள்.

"தாக்கல் சொல்றேன் அக்கா, வசந்தி. அஞ்சு வருஷம் லேட்டாயிடுச்சு. நான் நல்லா இருக்கேன். டாக்டரு வருஷத்துக்கு ஒரு தடவ வந்தா போதும்னுட்டாரு. இன்னிக்கு இவரு முட்டை செஞ்சாரு. ஓட்டை ஓட்டையா இருக்கு, உப்பு தூக்கல். உங்க கப்பு ஒண்ணு எங்ககிட்டயே நின்னுபோச்சு. வெறுங்கப்பா திருப்பித் தர மனசில்ல. நீங்களே வந்து ஒக்காந்து சாப்புட்டுட்டு எடுத்துக்கிட்டுப் போங்க."